பிடரியை அழுத்தினால் தலைவலி கூடுகிறது, எங்கே தப்பு?

சாளரம்: பின்மண்டையிலிருந்து நெற்றிவரை பட்டை கட்டியதுபோல் இறுக்கும் தலைவலி. மாத்திரை வேண்டாமென்று பிடரி நரம்பைக் கட்டைவிரலால் 5 நிமிடம் ஓங்கி அழுத்தினால், உச்சந்தலைவரை சுருக்கென்று ஓடுகிறது. விட்டதும் வலி இன்னும் கூடுகிறது. சரியான இடம் எது, எவ்வளவு நேரம் அழுத்தணும்?

கருநொச்சி: சுருக்கென்று ஓடினால் விரல் நரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் பேச்சில் தசைநார், ரத்தக்குழாய் எல்லாமே 'நரம்பு'தான், குழப்பம் அங்கேதான். நரம்பை நசுக்கினால் எரிச்சலும் மரத்துப்போவதும்தான் மிச்சம். அழுத்த வேண்டியது இறுகிய தசையை.

பின்மண்டை நடுவில் ஒரு எலும்புப் புடைப்பு தட்டுப்படும். அதற்கு இருபுறமும் 2-3 செ.மீ. தள்ளி நரம்பு மேலேறுகிறது, அங்கே வேண்டாம். இன்னும் கீழே இறங்கி, மண்டையோட்டு விளிம்புக்கு அடியில், தடித்த கழுத்துத் தசையின் வெளியோரக் குழிக்கு வாருங்கள். மல்லாந்து படுத்து, இரு கை விரல்நுனிகளையும் குழியில் முட்டுக்கொடுத்து, தலையின் கனத்தை அதன்மேல் விடுங்கள். கையால் தனியாகத் தள்ள வேண்டாம். வலி 10க்கு 5 இருந்தால் போதும். 30-60 விநாடி, இடைவெளி விட்டு 3 தடவை. இதமான வலி 20 விநாடியில் தணியத் தொடங்கும்; தணியாமல் ஏறினால் இடம் மாற்றுங்கள்.

தறி: ஓங்கி அழுத்தத் தேவையே இல்லை. 1965இல் வலி ஆய்வாளர்கள் மெல்சாக், வால் இருவரும் சொன்ன 'வாயில் கோட்பாடு' இதற்குப் பொருந்தும்: தொடுகையைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞை மட்டுப்படும். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் இதமாவதும் இதனால்தான். பலன் தற்காலிகம். தலையை முன்னே நீட்டித் திரை பார்ப்பதை விடாவிட்டால் வலி திரும்ப வரும்.

சாளரம்: கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இடுக்கை அழுத்தலாமா?

கருநொச்சி: முயலலாம். இரண்டையும் ஒட்டி வைத்தால் புடைக்கும் சதையின் உச்சிதான் இடம். ஆள்காட்டி விரல் எலும்புப் பக்கமாக அழுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கு இதைத் தவிர்ப்பது வழக்கம். மணிக்கட்டுப் புள்ளியைச் சிலர் தலைவலிக்குச் சொல்வார்கள், அது குமட்டலுக்கானது.

தறி: கழுத்தின் முன்பக்கம், நாடி துடிக்கும் இடத்தில் விரல் போகவே கூடாது, மயக்கம் வரலாம். திடீரென்று இடி விழுந்ததுபோல் வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குளறல், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, இதற்கெல்லாம் அழுத்திக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனை.