புதுப்பிப்பு: மண்டபத்துக் கொல்லையில் மக்காச்சோளம்

இராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊரில், எங்கள் வீட்டுக் கொல்லையில் சுட்ட மக்காச்சோளக் கதிர் மேலே கருகி உள்ளே வேகாமல் போனது என்று போன வாரம் எழுதியிருந்தேன். தோலோடு ஊறவைக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. நேற்று மாலை செய்து பார்த்தேன், பலித்துவிட்டது.

தோலைக் கீழே மடக்கி, பட்டுநூல் போன்ற நாரை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி மூடி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டேன். ஈரத்தோலிலிருந்து எழும் ஆவியே மணிகளை வேகவைத்துவிடுகிறது. கால் மணி நேரம் திருப்பித் திருப்பிச் சுட்டபின் தோலை விலக்கி நேரே கனலில் காட்டினேன். மணிகள் படபடவென்று பொரிந்து, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்தது. அந்த வாசனைக்கே பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள்.

இன்னொரு தவறும் பிடிபட்டது. நம் ஊர்ச் சீமைக்கருவேலங்கரி நின்று எரியும். ஆனால் கடற்காற்று அடித்தால் சட்டென்று சீறிவிடுகிறது. இந்த முறை மூன்று பக்கமும் செங்கல் அடுக்கினேன். கரிமேல் வெள்ளைச் சாம்பல் படியும்வரை கதிரை வைக்கவேயில்லை.

பூச்சுக்கு இராமநாதபுரத்து உருண்டை மிளகாயான முண்டு மிளகாயை வறுத்துப் பொடித்து, கல்லுப்பு சேர்த்து, எலுமிச்சை மூடியால் தொட்டுத் தேய்த்தோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மிளகாய் இருக்க, கடைப்பொடி எதற்கு?

கதிரை வாங்கிய அன்றே சுட்டுவிடுங்கள். வைக்க வைக்க அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறி இனிப்புக் குறைந்துவிடும். மிஞ்சிய இரண்டு கதிரை இன்று சுட்டபோது வித்தியாசம் நாக்கிலேயே தெரிந்தது.