சிவப்பு நூலின் சாயம் வெள்ளை விரிப்பில் இறங்கிவிட்டது: என்ன செய்யலாம்?

கேட்டவர் (திசையன்விளை)

வணக்கம். அண்ணன் மகளின் திருமணத்துக்குக் கொடுப்பதற்காக நான்கு மாதங்களாகக் கையால் தைத்த மேசை விரிப்பை நேற்று முதன்முறையாக அலசினேன். வெள்ளை கேம்பிரிக் என்னும் மெல்லிய பருத்தித் துணியில் நான்கு மூலைகளிலும் செம்பருத்திப் பூக்கள் உள்ளன. இதழ்களைச் சாட்டின் தையலிலும், காம்புகளைக் காம்புத் தையலிலும், மகரந்தத்தைப் பிரெஞ்சு முடிச்சிலும் தைத்திருக்கிறேன். பச்சை நூல் நல்ல நிறுவனத்துடையது. சிவப்பு மட்டும் போதாமல் போனதால், கடையில் பெயர்ச்சீட்டு இல்லாத கண்டுகள் இரண்டு வாங்கித் தைத்தேன்.

போர் தண்ணீரில் சலவைத் தூள் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டுக் கொடியில் போட்டேன். காய்வதற்குள் ஒவ்வொரு பூவுக்கும் கீழே இளஞ்சிவப்புக் கறை வழிந்திருந்ததைக் கண்டு உடனே எடுத்துவிட்டேன். இப்போது ஈரத்துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்னொரு குறையும் உண்டு. தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்த கோடு ஒரு மூலையில் மட்டும் பழுப்பாக நிற்கிறது. தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வட்டச் சட்டத்தின் தடம் போகட்டும் என்று அந்த மூலையை அலசுவதற்கு முன்பே இஸ்திரி போட்டிருந்தேன். இரண்டுக்கும் வழி உண்டா?

பதில் (பாளையங்கோட்டை)

சகோதரி, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி கல்லுப்பும் சிறிது வினிகரும் சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும். புதுச்சேலைக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

பதில் (வீரவநல்லூர்)

மேலே சொன்ன யோசனையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். எங்கள் வீட்டில் தறிக்கு நூல் சாயம் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பருத்தி நூலுக்கான சாயத்தொட்டியில் உப்புப் போடுவதே, தண்ணீரில் கரைந்திருக்கும் சாயம் நூலில் போய் ஏறவேண்டும் என்பதற்காகத்தான். ஊறவைத்தால் வாளியில் கழன்று மிதக்கும் சாயத்துக்கு எது நூல், எது துணி என்று தெரியாது. உப்பைப் போட்டால் அது வெள்ளை கேம்பிரிக்கில்தான் இன்னும் இறுக்கமாக உட்காரும். வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் அமிலச் சாயங்களுக்கு உதவுமே தவிர, பருத்தியில் சாயத்தை நிலைநிறுத்தாது. புதுச்சேலையில் அது பலித்ததுபோலத் தோன்றியதற்கு, மிகையான சாயம் முதல் அலசலிலேயே போய்விட்டது காரணமாக இருக்கலாம்.

திசையன்விளைப் பக்கத்துப் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும் என்பதை அங்கே பெண் கொடுத்த நாங்களும் அறிவோம். ஆகவே நீங்கள் தெரியாமலேயே உப்புத் தொட்டியில் ஊறவைத்திருக்கிறீர்கள். குடிக்க வரும் நல்ல தண்ணீரை, கிடைத்தால் தாமிரபரணித் தண்ணீரையே, இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீதமுள்ள சிவப்பு நூலில் ஒரு சாண் வெட்டி நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். எவ்வளவு சாயம் விடுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு அகலமான தொட்டியில் நிறையக் குளிர்ந்த நீர் எடுத்து, விரிப்பை மடிக்காமல் மிதக்கவிட்டு, நீர் நிறம் மாறியதும் கொட்டிப் புதுநீர் மாற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் குறைந்தால் கழன்ற சாயம் திரும்ப ஒட்டும். நிறைய இருந்தால் நீரிலேயே கலைந்து போகும். நீர் தெளியும்வரை நிறுத்தக் கூடாது. அதன்பின் கறை மங்கலாக எஞ்சியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அரைமணி நேரம் வைத்து, உடனே நன்றாக அலசுங்கள். வெண்மையாக்கும் குளோரின் திரவத்தைத் தொடவே வேண்டாம். பூவின் சிவப்பையும் அது தின்றுவிடும்.

கொடியில் தொங்கவிட்டதுதான் கறை கீழ்ப்பக்கமாக வழிந்ததற்குக் காரணம். நீர் இறங்கும் வழியில் சாயமும் இறங்கும். இனிமேல் தடித்த துண்டில் பரப்பி, துண்டோடு சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, நிழலில் படுக்கை வாட்டத்திலேயே உலர்த்துங்கள். முறுக்கிப் பிழிந்தால் சாட்டின் தையலின் இழைகள் நெகிழும்.

பதில் (இடையன்குடி அருகில்)

பழுப்புக் கோட்டைப் பற்றி எவரும் சொல்லவில்லை. அந்தப் பேனா மை வெறும் குளிர்ந்த நீரில் மட்டுமே போகும். சூடு பட்டால் நிலைத்துவிடும், சலவைத் தூள் முதலில் பட்டாலும் சில நேரம் அப்படித்தான். எப்போதும் வெறும் நீரில் கோடு முழுவதும் போனதைப் பார்த்த பிறகே சோப்பு. உங்களுக்கு அது இனிப் போவது அரிது என்றே நினைக்கிறேன். பழுப்பின்மேல் ஒரு கொடியோ இரண்டு இலையோ தைத்து மறைப்பதே மேல்.

எங்கள் ஊரில் பேராயர் கால்டுவெல்லின் மனைவி எலிசா அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் வேலையைச் செய்த பாட்டி ஒருவரிடமிருந்து நான் கற்ற ஒன்றையும் சொல்கிறேன்: எடுத்துவைக்கும் வேலைப்பாட்டுக்குக் கஞ்சி போடக் கூடாது, கஞ்சிக்கு இராமபாணப் பூச்சி வரும்.

கேட்டவர் (திசையன்விளை)

வீரவநல்லூர் அண்ணாச்சிக்கு மிக்க நன்றி. உப்பைக் கையில் எடுத்துவிட்டுத்தான் உங்கள் பதிலைப் படித்தேன். குடிதண்ணீரில் ஏழுமுறை மாற்றினேன். ஐந்தாவது முறைவரை நீர் ரோஜாநிறமாகவே இருந்தது. வெதுவெதுப்பான நீருக்குப் பிறகு மூன்று மூலைகள் வெளுத்துவிட்டன. நான்காவதில் நகக்கண் அளவு நிழல் ஒன்று நிற்கிறது. பழுப்புக் கோடும் அதே மூலைதான். இரண்டையும் சேர்த்து ஒரு மொட்டும் இலையும் தைத்து மூடப்போகிறேன், இம்முறை நல்ல நிறுவனத்துச் சிவப்பில். இஸ்திரி எப்படிப் போடுவது?

பதில் (இடையன்குடி அருகில்)

புதிய நூலையும் முதலில் நனைத்துச் சோதித்துவிடுங்கள், அக்கா. இஸ்திரிக்கு, மடித்த பூந்துவாலையின் மேல் வேலைப்பாடு கீழ்நோக்கி இருக்கும்படி விரிப்பைக் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். முடிச்சுகள் துவாலைக்குள் அமிழ்வதால் நசுங்காது. திருமணம்வரை மடிப்புத் தடம் விழாமல் பழைய பருத்தி வேட்டியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம்.