ஸ்கேனில் 10 வாரக் கரு, சிறுநீர் ஸ்ட்ரிப்பில் ஒற்றைக் கோடு: கிட் பழுதா?

கேள்வி
இன்றைய கர்ப்பப் பரிசோதனைகளுக்கு மூலம், 1972-இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான பீட்டா எச்சிஜி (கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்) சோதனை என்று படித்தேன். அது ஏன் பீட்டா மட்டும்? அடுத்தது தலைப்பில் உள்ள சந்தேகம். ஸ்ட்ரிப் வேலை செய்வதைக் காட்டும் கன்ட்ரோல் கோடு நன்றாக விழுகிறது, டெஸ்ட் கோடு இல்லை.

பதில் 1
எச்சிஜி இரண்டு சங்கிலி சேர்ந்தது. ஆல்ஃபா சங்கிலி எல்எச், எஃப்எஸ்எச், டிஎஸ்எச் என்ற வேறு மூன்று ஹார்மோன்களிலும் இருப்பதுதான். அதனால் முழு எச்சிஜிக்கு எதிராக எடுத்த ஆன்டிபாடி (இலக்கில் போய் ஒட்டும் புரதம்) எல்எச்சையும் சேர்த்துப் பிடித்துவிடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு எல்எச் ஏறியே இருக்கும், கேட்க வேண்டுமா! பீட்டா சங்கிலிதான் வேறு: எச்சிஜியில் 145 அமினோ அமிலம், எல்எச்சில் 121. ஜூடித் வைதுகைடிஸ், கிளென் பிரான்ஸ்டீன், கிரிஃப் ராஸ் மூவரும் பீட்டாவை மட்டும் பிரித்து, அதை முயலுக்குச் செலுத்தி ஆன்டிபாடி எடுத்தார்கள். கோரியோகார்சினோமா போன்ற, எச்சிஜி சுரக்கும் புற்றுக்கட்டிகளைக் கண்காணிப்பதும் அவர்கள் கணக்கில் இருந்தது. கதிரியக்க அயோடின் வைத்து ரத்தத்தில் அளக்கும் முறை அது. வீட்டு ஸ்ட்ரிப் பின்னால் வந்தது.

பதில் 2
கிட்டைக் குறை சொல்லாதீர்கள், இது ஹூக் எஃபெக்ட். ஸ்ட்ரிப்பில் இரண்டு ஆன்டிபாடி: ஒன்று தங்கத் துகளோடு ஓடி வருவது, மற்றது டெஸ்ட் கோட்டில் ஒட்டியிருப்பது. நடுவில் எச்சிஜி பாலமாக நின்றால்தான் நிறம் விழும். எச்சிஜி அளவுக்கு மீறினால் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிரம்பிவிடும், பாலம் அமையாது. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் (கரு சரியாக வளராமல் நஞ்சுத் திசு கொத்துக் கொத்தாக வளர்வது) இப்படி ஆகும்.

சாதாரண 10 வாரத்திலோ, சிறுநீரில் பீட்டா கோர் ஃப்ராக்மென்ட் என்ற உடைந்த துண்டுதான் அதிகம். சில கிட்டுகளில் அது ஒரு ஆன்டிபாடியில் மட்டும் ஒட்டி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

0.1 மிலி சிறுநீரை 0.9 மிலி நார்மல் சலைனில் (உப்புநீர்) கலந்து புது கேசட்டில் (ஸ்ட்ரிப் பொருத்திய பிளாஸ்டிக் உறை) விடுங்கள். டெஸ்ட் கோடு எழுந்தால் விஷயம் முடிந்தது. எழாவிட்டால் அந்தக் கலவையையே இன்னொரு முறை பத்து மடங்கு நீர்க்க வையுங்கள்.

கேள்வி கேட்டவர்
சிறுநீருக்குப் பதில் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) விடலாமா?

பதில் 3
உறையில் 'சிறுநீர்/சீரம்' என்று இரண்டும் போட்டிருந்தால் மட்டும். அந்தத் துண்டு சீரத்தில் அநேகமாக இருக்காது, ஆகவே அந்தத் தொல்லை குறையும். முத்துப்பிள்ளை என்ற சந்தேகம் இருந்தால் சீரத்தையும் நீர்க்க வைத்தே பாருங்கள். அங்கேயும் ஹூக் வரும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு: கர்ப்பமே இல்லாமல் ரத்தத்தில் பாசிட்டிவ், சிறுநீரில் நெகட்டிவ். ஹெட்டரோஃபைல் ஆன்டிபாடி (நம் ரத்தத்தில் இருந்து, கிட்டின் ஆன்டிபாடிகளிலேயே ஒட்டிக்கொள்வது) செய்யும் வேலையாக இருக்கலாம். அது பெரிய மூலக்கூறு, சிறுநீரகம் தாண்டி வராது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாம்பிளை அப்படியே விடாதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். கிட்டில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 5 நிமிடம், படித்துவிடுங்கள். காய்ந்தபின் தெரியும் சாம்பல் கோடு பாசிட்டிவ் ஆகாது. கன்ட்ரோல் கோடே வராவிட்டால் முடிவு செல்லாது. உறையைப் பிரித்து வைத்து ஈரம் ஏறிய கேசட்டில் அதைப் பார்க்கலாம்.