பின் அச்சு நட்டை இறுக்கினால் சக்கரம் சுற்றவில்லை

ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2014 மாடல், ஊர் திண்டுக்கல். பத்து நாள்களுக்கு முன் பின் சக்கரத்தின் இரண்டு பேரிங்குகளையும் நானே மாற்றினேன். அன்றிலிருந்து, அச்சு நட்டைக் கையேட்டில் உள்ள முறுக்குவிசைக்கு இறுக்கினால் சக்கரம் கனத்துவிடுகிறது. கையால் சுழற்றினால் அரைச் சுற்றில் நிற்கிறது. நட்டைச் சற்றுத் தளர்த்தினால் தாராளமாக ஓடுகிறது.

சங்கிலியைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் கம்பியைத் தளர்த்தினேன். அச்சின் மரைகளைத் துடைத்தேன், வேறொரு டார்க் ரெஞ்சும் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் ஸ்பானர்) வாங்கி வந்து இறுக்கினேன். மாற்றமே இல்லை. நட்டை இறுக்கும்போது பேரிங்குகள் நெரிபடாமல் அவற்றுக்கு நடுவில் தாங்கி நிற்கும் குழாய் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அதன் ஒரு முனை கண்ணாடிபோல் பளபளக்கிறது, விளிம்பு கத்திபோல் கூர்ந்திருக்கிறது.

நட்டைத் தளர்வாக விட்டு ஓட்ட மாட்டேன், பின்னால் மகள் உட்காருகிறாள்.

குழாய் தேய்ந்து குட்டையானதால்தான் பேரிங் நெரிபடுகிறது என்பதை எப்படி அளந்து உறுதிசெய்வது?