வேலை நேரத்தில் ஓயாமல் குரைக்கும் நாய்: என்ன செய்யலாம்?

கேள்வி, ஜெலுத்தோங்வாசி:
பினாங்கில் தரை வீடு. வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் சேவை வேலை. ஹெட்செட் மாட்டினால் மாலைவரை பேச்சுதான். எங்கள் கருப்பன் நாட்டு நாய், 3 வயது. பொட்டலம் கொண்டுவரும் மோட்டார் தெருமுனையில் திரும்பும்போதே எழுந்துவிடுவான். முன்னங்கால் இரண்டையும் இரும்புக் கேட்டில் ஊன்றிக்கொண்டு, ஆள் போகும்வரை விடமாட்டான். ரொட்டிக்காரரின் ஹாரன், பழைய பேப்பர் வாங்கும் லோரியின் ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும் இதே கூத்து. அதட்டினால் இன்னும் கூடுகிறது. "அங்கே என்ன, நாய்ப் பண்ணையா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டேவிட்டார். மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டை வாங்கலாமா?

பதில், புக்கிட் மெர்தாஜம் அக்கா:
வேண்டவே வேண்டாம் தம்பி. வலியையும் வாசலில் நிற்கும் ஆளையும் அவன் முடிச்சுப் போட்டுவிட்டால், குரைப்பு போய்க் கடியில் வந்து நிற்கும். அவன் கணக்கு வேறு: குரைத்தேன், ஆள் ஓடிவிட்டான். பொட்டலம் கொடுத்தவர் எப்படியும் கிளம்பப் போகிறவர் என்பது அவனுக்கு எங்கே தெரியும்? அன்றாடம் வெற்றி!

முதலில் கேட்டை அவன் கண்ணிலிருந்து மறையுங்கள். வேலை நேரத்தில் பின்கட்டில் விட்டு, மின்விசிறியை ஓடவிடுங்கள். ஓய்வாக இருக்கும்போது, கைப்பேசியில் பதிவு செய்த மோட்டார் சத்தத்தை, காதை மட்டும் அசைக்கிற அளவுக்கு மெல்ல ஒலிக்கவிட்டு, உடனே உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டு ஒன்று. குரைத்தானா? சத்தம் அதிகம், குறையுங்கள். பழகப் பழகக் கூட்டலாம். வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்.

பதில், பட்டர்வொர்த் தாத்தா:
அக்கா சொன்னதோடு ஒன்று. வெயில் ஏறுமுன் நடக்கக் கூட்டிப் போங்கள். பிறகு தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். விறுவிறுவென்று இழுக்காமல், நின்று நின்று மோப்பம் பிடிக்கவிடுங்கள். கேட்டில் ஒரு பெட்டி மாட்டி, "மணி அடிக்க வேண்டாம், இதில் போடவும்" என்று மலாயில் எழுதிவையுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

ஜெலுத்தோங்வாசி:
பெட்டி இன்றே மாட்டுகிறேன், ஐயா. சீனப் புத்தாண்டின் 8ஆம் நாள் நள்ளிரவில், தீ கோங் என்ற சீன வானுலகக் கடவுளின் பூசைக்குத் தெருவே பட்டாசாய் வெடிக்குமே, அதற்கும் கோழிதானா?

புக்கிட் மெர்தாஜம் அக்கா:
அது காவல் குரைப்பு இல்லை, பயம். கோழி மட்டும் போதாது. சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் பதற்றம் தணிக்கும் மருந்து தருவார். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அன்றிரவு அவனை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கேட்டைப் பூட்டுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். மிரண்டு ஓடும் நாய் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியாது.