அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஸ்க்ரோல் சா, பின்பக்கம் டக் டக் சத்தம், வாங்கலாமா?

மரத்தூள்_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். பெயர்ப்பலகை, குழந்தைகளுக்கான எழுத்துப் புதிர், சாமி மாடத்துக்குச் சின்ன ஜாலி (ஓட்டை ஓட்டையாக வெட்டும் சல்லடைப் பூவேலை) வேலை, இப்படிச் செய்து விற்கிறேன். இதுவரை கை ஃப்ரெட் சாவும் ஒரு ஜிக்சாவும் வைத்தே ஓட்டிவிட்டேன், ஆனால் நுணுக்கமான வளைவில் ஜிக்சா எதற்கும் உதவாது, கையால் அறுத்தால் மணிக்கட்டு போய்விடுகிறது.

தெரிந்தவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமானோடு ஒரு ஸ்க்ரோல் சாவும் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவு வெட்டுகிற மேசை மெஷின்) கொண்டுவந்திருக்கிறார். பிளேடிலிருந்து பின்பக்கம் வரை இடைவெளி 20 இஞ்சு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், 120 வோல்ட். பல வருஷமாக மூடியே கிடந்ததாம். 12,000 கேட்கிறார். அவர் வீட்டு டிரான்ஸ்பார்மரில் ஓட்டிக் காட்டினார். மோட்டார் நன்றாகத்தான் சுற்றுகிறது, ஆனால் பின்பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம், பிளேடின் மேல் நுனியைப் பிடித்திருக்கும் மேல் கையைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆட்டம், பிளேடு பிடிக்கும் திருகு இறுக்கினாலும் பிளேடு நழுவுகிறது. மேசையில் லேசான துரு. கொஞ்சம் பணம் சேர்த்தால் புது 16 இஞ்சே வரும் என்கிறார் கடைக்காரர். எது நல்லது?

லேத்பட்டறை_கோவை

மோட்டாரை விடுங்கள் தம்பி, இந்த மெஷினில் மோட்டார்தான் கடைசியாகக் கெடும். பழைய ஸ்க்ரோல் சாவில் பார்க்கவேண்டியது கையும் அது ஆடும் மூட்டுகளும்தான், அது நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை மேலும் கீழும் போய்வருகிற சாமான், எண்ணெய் இல்லாமல் வருஷக்கணக்கில் நின்றால் பேரிங்கில் இருக்கிற கிரீஸ் பிசினாகக் கட்டிப்போகும்.

மறுபடி போகும்போது இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றிவிட்டு, மேல் கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து முதலில் மேலும் கீழுமாக, அப்புறம் இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் மூட்டுப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது செலவு. மேலும் கீழும் மட்டும் லேசாகத் தட்டினால் மோட்டாரிலிருந்து கைக்குப் போகிற இணைப்புத் தண்டில்தான் தேய்மானம், பயப்படவேண்டாம். வார்ப்பில் எங்காவது மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அந்தக் கையை ஒட்டவைத்து ஓட்ட முடியாது.

சத்தத்துக்கு வருகிறேன். இந்த 20 இஞ்சு வகைகள் பலவற்றில் மூட்டுகளில் ஊசி பேரிங்கும் (ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் உள்ளது) அதற்குள் எஃகு புஷ்ஷும் (குட்டிக் குழாய்) இருக்கும். மெஷினை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு மூட்டிலும் இன்ஜின் ஆயிலைச் சில சொட்டு விட்டு ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். மறுநாள் மறுபக்கம் திருப்பி அதே போல. இதிலேயே சத்தம் பாதி அடங்கினால் பேரிங் பிழைத்தது. அடங்காவிட்டால் புஷ்ஷை உருவி வெளிச்சத்தில் பாருங்கள், ஊசி உருளைகள் பதிந்த கோடு கோடான தடம் நகத்தில் தட்டினால் மாற்றித்தான் ஆகவேண்டும். வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள், மெஷின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள், அளவைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். அளவு மில்லிமீட்டரா இஞ்சா என்று முதலில் தெளிவாக வேண்டும், இஞ்சு என்றால் கொஞ்சம் அலையவேண்டியிருக்கும். புஷ் கிடைக்காவிட்டால் எந்த லேத்திலும் கடைந்து கொடுப்பார்கள், ஆனால் வெறும் இரும்பில் வேண்டாம், கடினப்படுத்திய எஃகாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊசி உருளை சீக்கிரமே தின்றுவிடும்.

வயர்மேன்_மதுரை

கரண்ட் விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். பெயர்த்தகட்டில் ஆம்பியர் போட்டிருக்கும். உதாரணத்துக்கு டிவால்ட் டிடபிள்யூ 788 என்றால் 1.3 ஆம்பியர், அதை 120ஆல் பெருக்கினால் 156 வாட்தான். ஆனாலும் 500 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள், ஸ்டார்ட் ஆகும்போது இழுப்பதற்கும் மணிக்கணக்கில் சூடாகாமல் ஓடுவதற்கும் அது வேண்டும். பயணத்துக்கு என்று விற்கும் கையடக்க எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் இதற்கு ஆகாது, அது ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி சாமானுக்கு. உள்ளே வேகக் கட்டுப்பாட்டு போர்டு இருக்கிறது, அதோடு ஒத்துப்போகாது.

50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று கேட்பீர்கள். வேகம் மாற்றும் மெஷினில் பெரும்பாலும் கார்பன் (பிரஷ்) வைத்த டிசி மோட்டார், அதற்கு ஹெர்ட்ஸ் பெரிய விஷயம் இல்லை. ஒரே வேகம் அல்லது இரண்டு வேகம் மட்டும் உள்ள பழைய இண்டக்ஷன் மோட்டார் என்றால் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், சூடும் அதிகம், அதை நான் வாங்கமாட்டேன்.

வேகக் குமிழைத் திருப்பும்போது விட்டு விட்டு எகிறினால் குமிழுக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருகிவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். கார்பன் தேய்ந்திருந்தால் மிக்சி ரிப்பேர் கடையில் கொஞ்சம் பெரிய கார்பனாக வாங்கி உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். எர்த் கம்பி டிரான்ஸ்பார்மரைத் தாண்டி மெஷின் உடம்பு வரை போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று, அந்த அமெரிக்க பிளக்கை வெட்டி நம்ம ஊர் பிளக் போடாதீர்கள். வீட்டில் யாராவது ஒருநாள் நேராக 230ல் செருகுவார்கள், போர்டு அங்கேயே போய்விடும்.

பொம்மைக்கடை_அக்கா

பிளேடு நழுவுவதற்காக மெஷினையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீங்க. புது பிளேடில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், இரண்டு நுனியையும் தின்னரில் துடைத்து உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. அப்பவும் நழுவினால் திருகின் முகம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், அரத்தில் தட்டையாக ராவினால் போதும். குறடு வைத்து மட்டும் இறுக்காதீங்க, மரை போய்விட்டால் அந்தப் பிடியையே மாற்றணும், பழைய மெஷின் பலவற்றில் இதுதான் கதை. மெஷின் வைத்திருந்தவர் குறடு போட்டிருக்கிறாரா என்பது திருகின் தலையைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று, ஊசி வைத்த பிளேடா (இரண்டு நுனியிலும் குறுக்கே சின்ன ஊசி இருக்கும்) சாதா பிளேடா (நுனி வெறும் தட்டை) என்று பாருங்க. ஜாலி வேலை செய்கிறேன் என்கிறீங்களே, ஊசி வைத்தது மட்டும் ஏறும் மெஷினில் உள்ளே வெட்ட குறைந்தது 5 மில்லிமீட்டர் துளையாவது போடணும், சின்னப் பூவேலையில் அந்த ஓட்டை அசிங்கமாகத் தெரியும். சாதா பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போதும். மலிவான புது 16 இஞ்சில் ஊசி பிளேடு மட்டும் போடுகிற மாதிரி நிறைய வருகிறது, கடைக்காரரிடம் இதைக் கேட்டுவிட்டு அப்புறம் விலையைப் பேசுங்க.

வாங்கினபிறகு வெட்டு வலப்பக்கம் இழுக்கிறது என்று இங்கே வந்து புலம்பாதீங்க, அது மெஷின் கோளாறு இல்லை. பிளேடு தயாரிக்கும்போது ஒரு ஓரத்தில் பிசிர் நிற்கும், அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கும். மரத்தைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளிப் பழகிவிட்டால் கை தானாகச் செய்துவிடும்.

ரம்பம்_77

12,000 அதிகம். பேரிங், டிரான்ஸ்பார்மர் செலவைக் காட்டி 8,000 கேளுங்கள்.

மரத்தூள்_திருச்சி

எல்லோருக்கும் நன்றி. இன்று மறுபடி போய்ப் பார்த்தேன். பக்கவாட்டில் ஆட்டம் இல்லை, மேலும் கீழும்தான் தட்டுகிறது. வெடிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. கார்பன் மோட்டார்தான், சாதா பிளேடு ஏறுகிறது. 9,000க்கு டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துத் தருகிறேன் என்றார், முன்பணம் கொடுத்துவிட்டேன். மேசைத் துருவுக்கு என்ன செய்வது? 18 மில்லிமீட்டர் தேக்குக்கும் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கும் எந்த நம்பர் பிளேடு?

பொம்மைக்கடை_அக்கா

துருவுக்கு மண்ணெண்ணெயும் நைசு உப்புத்தாளும், கடைசியில் மெழுகு தேய்த்து விடுங்க, மரம் வழுக்கிக்கொண்டு போகும். தேக்குக்கு 5ஆம் நம்பர், பிளைவுட்டுக்கு 1 அல்லது 2, அதுவும் அடிப்பக்கம் சில பல் தலைகீழாக இருக்கிற வகையாக வாங்கினால் கீழே நார் பிய்யாது. டஜனாக வாங்குங்க, பழகும்வரை நிறைய உடையும். முதல் வெட்டுக்கு முன்னாடி மேசை செங்குத்தா என்று பார்த்துக்கோங்க: கழிவுத் துண்டின் ஓரத்தில் லேசாக ஒரு கீறல் வெட்டி, துண்டை அப்படியே சுற்றி பிளேடின் பின்பக்கம் கொண்டுபோனால் பிளேடு அதே கீறலில் சரியாக உட்காரணும். உட்காரவில்லை என்றால் மேசையைக் கொஞ்சம் சாய்த்து மறுபடி பாருங்க. தேக்குத் தூளுக்கு மாஸ்க் போட்டுக்கோங்க.

லேத்பட்டறை_கோவை

புஷ்ஷை உருவினால் போட்டோ போடுங்கள் தம்பி, தடம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.