ரோமத் தங்கக்காசுப் போலிகள்: உங்கள் கைக்கு வந்தது எது?

காசுப்பித்தன்:
ரோமப் பேரரசன் திபேரியஸின் தங்கக்காசு. பின்பக்கம் அவன் தாய் லிவியா என்று சொல்வார்களே, உட்கார்ந்திருக்கும் பெண், அதேதான். புதுக்கோட்டைப் புதையல் வகை என்று சொல்லிக் காட்டினார்கள். 1898இல் கிடைத்த அந்த 501 காசுகளில் பெரும்பாலானவற்றுக்கு மன்னன் தலையில் உளிவெட்டு உண்டு, இதிலும் இருந்தது. லென்ஸ் வைத்தேன். உளி பட்ட இடத்தில் தங்கம் பிதுங்கி, கரை கூராக நிற்க வேண்டும். இதில் கரை முழுக்கச் சப்பிப்போட்ட மிட்டாய் போல மழுங்கிக் கிடந்தது. வெட்டின் அடியில் ஊசிமுனைக் குழிகள். வெட்டையும் சேர்த்தே வார்த்திருக்கிறார்கள்! இன்னும் மனசு ஆறவில்லை.

பட்டறை வீட்டுப்பிள்ளை:
அப்பாவுக்கு நகைப்பட்டறை. ஒருவர் அகஸ்டஸ் காசு என்று கொண்டுவந்தார். அப்பா உரைகல்லில் ஒரு இழை இழுத்தார், பக்கத்திலேயே 22 கேரட் வளையலை ஒரு இழை. ஆசிட் விட்டதும் இரண்டும் ஒரே மாதிரி மங்கின. அகஸ்டஸ் காலத்துத் தங்கம் கிட்டத்தட்டச் சொக்கத்தங்கம் அல்லவா? “நகையை உருக்கி ஊத்தியிருக்காங்கய்யா” என்றார் அப்பா. வந்தவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

எடைக்கல்:
தம்பி, கோபிக்காதீங்க, பழங்காசை உரைகல்லில் உரசவே கூடாது. அசலாக இருந்திருந்தால் அந்தத் தேய்மானம் போகாது. மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, சரியாக இருந்தாலும் அசல் என்று ஆகிவிடாது. 1830இல் இறந்த ஜெர்மானியப் போலிக்காசுக்காரர் பெக்கர் நல்ல தங்கத்திலேயே, தன் கையால் வெட்டிய அச்சில் பழங்காசுப் போலிகளை அடித்தார். புதுப்பளபளப்பு போக இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் குலுங்கவிடுவாராம். முதலில் எடை பாருங்கள்: பேரரசன் நீரோ கி.பி. 64இல் குறைக்கும் முன் 7.7 கிராமை ஒட்டி, பிறகு 7.3. அப்புறம் தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பாருங்கள்: சொக்கத்தங்கம் 19.3, 22 கேரட் பெரும்பாலும் 18ஐத் தொடாது. விளிம்பில் வார்ப்பின் ஒட்டை மறைக்க அரம் ஓடிய தடம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். பழைய ஏலப் பட்டியல்களில் அதே அடையாளங்கள் உள்ள ஜோடிக்காசைத் தேடுங்கள். புடைத்த கோடு இரண்டு காசில் ஒரே இடத்தில் வந்தால் பயமில்லை, அது அச்சிலேயே விழுந்த விரிசல். பள்ளமான கீறல் அடித்த பிறகு ஒரு காசில் விழுவது; அது ஜோடியாக வந்தால் ஒன்றாவது போலி. எனக்கு நடந்தது அதுதான்: நீரோவின் தாடைக்குக் கீழே ஒரு பள்ளம், பட்டியலில் இருந்த வேறொரு காசிலும் அச்சு அசலாக அங்கேயே.

காசுப்பித்தன்:
அண்ணா, நான் பார்த்ததில் எடை 7.7தான் காட்டியது. அதனால் எடையை முதலில் சொல்லாதீர்கள், பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அந்த நீரோ ஜோடியின் படம் இருந்தால் போடுங்கள்.